உருட்டிய தூரமும் சேர்த்து

"இந்த வயதில் உனக்கு இது என்னத்துக்கு?" என்று என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் மிகச் சிலர். உம்மா கேட்டார். ராத்தா கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்டார். மூத்த மகன் கேட்கவில்லை, சிரித்தான். நாற்பத்து மூன்று வயதில், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, கண்டி வீதியில் சைக்கிளில் போகப் போகிறாள். அதுவும் பெயர் கொடுத்து, நெஞ்சில் இலக்கம் குத்திக்கொண்டு, எண்பது பேரோடு என்றால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். இரவில் விளக்கை அணைத்த பிறகு நானும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அது 2024 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷஃபான் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, சிறுநீரக நோயாளர்களின் பயணச் செலவுக்காக ஒரு துவிச்சக்கர வண்டிப் பவனி ஏற்பாடு செய்திருந்தார்கள். கெட்டம்பேயில் தொடங்கி, பேராதனை, கெலிஓயா, தவுலகலை, ஹந்தெஸ்ஸ, பிலிமத்தலாவை என்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் கெட்டம்பே. இருபத்தைந்து கிலோமீட்டர். சைக்கிள் ஓட்டுபவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களிடம், 'நான் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் இவ்வளவு தாருங்கள்' என்று முன்கூட்டியே வாக்கு வாங்கிப் பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓடி முடித்த பிறகு போய்ப் பணத்தைச் சேர்க்க வேண்டும்.

ஏன் பயணச் செலவு? சகோதரிகளே, வீட்டில் ஒருவர் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் கிழமைக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு இணைந்து கிடக்க வேண்டும். அது முடிந்து எழும்பும் மனிதரைப் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டி வர முடியாது. மஹியங்கனைப் பக்கத்திலிருந்து பதினெட்டு வளைவு ஏறி கண்டிக்கு வருகிறவர்கள் சாமத்தில் புறப்படுகிறார்கள். வாகனக் கூலிதான் அந்தக் குடும்பங்களைத் தின்கிறது.

எங்கள் மாமா, என் கணவரின் வாப்பா, இரண்டரை வருடம் அப்படிப் போய் வந்தவர். ஒழுங்கை முனையில் இருக்கும் முச்சக்கர வண்டிக்காரத் தம்பிதான் வழக்கமாகக் கூட்டிப் போவார். 2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அடுத்த ஓரிரு நாளில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. முச்சக்கர வண்டிக்காரத் தம்பி மூன்று நாளாக வரிசையில். மாமா வெள்ளை சாரம் உடுத்து, தொப்பி போட்டு, கையில் கிளினிக் கொப்பியோடு விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறார். மாமி கேட்டருகே நின்று வீதியையே பார்க்கிறார். என் மகன் பக்கத்து வீட்டுச் சைக்கிளை வாங்கிக்கொண்டு கெட்டம்பே, முல்கம்பளை என்று சுற்றி ஒரு வாகனம் தேடினான். கிடைக்கவில்லை. அன்றைய முறை தவறிப்போனது. மறுநாள் அதே சைக்கிளில் தேடிப்போய், கேட்ட பணத்துக்கு ஒரு வேன் கொண்டுவந்தான். மாமா அந்த ஒக்டோபரில் வஃபாத்தானார். அந்த ஒரு நாளால்தான் என்று வைத்தியர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சமையலறை யன்னலால் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு, என்னால் ஒன்றுமே செய்ய முடியாமல் நின்றேனே, அந்த நிற்பு எனக்குள் அப்படியே இருந்தது.

கியூஆர் முறை வந்து முச்சக்கர வண்டிகளுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் என்று கொடுக்கத் தொடங்கிய காலத்தில், நாங்களும் பழைய லுமாலா சைக்கிள் ஒன்று வாங்கினோம். அப்போது பழைய சைக்கிளுக்கும் புதியதின் விலை. கடைக்குப் போய்வர மகனுக்கு என்றுதான் வாங்கியது. அதில் நான் ஏறக் காரணம் எங்கள் பின்வீட்டுச் சகோதரி.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது பத்து. யாழ் நகரத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். புத்தளத்தில் வளர்ந்து, திருமணமாகிக் கண்டிக்கு வந்தார். "நகை போனது உம்மாவுக்குக் கவலை. வாப்பா வாங்கித் தந்த சிவப்புச் சைக்கிள் குசினிச் சுவரோடு சாத்தினபடி கிடந்தது, அதுதான் எனக்குக் கவலை" என்று ஒரு நாள் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பெண் சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அங்கு அது செருப்பு மாதிரி. மலைநாட்டில் வளர்ந்த எங்களுக்குத்தான் ஏற்றத்தைப் பார்த்தே ஆசை விட்டுப்போகிறது. முப்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் அந்த லுமாலாவில் ஏறினார், ஒழுங்கையின் முனை வரைக்கும் போய் வந்தார், இறங்கினார். முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நீங்களும் ஏறுங்கள்" என்றார்.

ஸுபஹ் தொழுதுவிட்டு, ஒழுங்கை இன்னும் இருட்டாக இருக்கும்போது பழகினேன். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். ஆறு நாள் விழுந்தேன். ஏழாம் நாள் அவர் எப்போது கையை விட்டார் என்றே எனக்குத் தெரியாது.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. "எங்கட குடும்பத்துல பொம்புளை சைக்கிள் ஓட்டினதில்ல மகள்" என்றார். திட்டவில்லை, அவர் திட்டுகிறவர் அல்ல. அதைவிடச் சங்கடமாக, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பவனிக்குப் பெயர் கொடுத்தபோது கேள்வி எழுப்பியவர் என் கணவரின் தம்பி. நியாயமான கேள்வி என்பதால் அதை இங்கே எழுதுகிறேன். "மதினி, நோயாளிக்கு ஸதகா கொடுப்பதென்றால் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே. இலக்கம் குத்திக்கொண்டு வீதியில் சைக்கிள் மிதித்தால்தான் பணம் வருமா? இது முகஸ்துதி ஆகிவிடாதா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. உலகத்தில் இப்படிச் செய்தவர்கள் கதையைத் தேடிப் பார்த்தேன். 1980இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 36 பேர் இரண்டு நாள் சைக்கிளோடி, புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றுக்கு 10,200 டொலர் சேர்த்தார்கள். அந்த ஓட்டம் ஆண்டுதோறும் நடந்து, 2024உடன் மொத்தத் தொகை நூறு கோடி டொலரைத் தாண்டிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 2011இல் நம் நாட்டிலேயே தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஒரு கூட்டம் நடந்தே போனது. அதில் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது. அந்த 36 பேரும் தம் பையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருந்தால், அடுத்த வருடம் யாருக்கும் ஒன்றும் நினைவிருந்திருக்காது. கேட்பதற்கு ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது. கொடுப்பதற்கும்தான். இதைக் கொழுந்தனிடம் சொன்னேன். நிய்யத்தை அல்லாஹ் அறிவான் என்றும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபா என்று எழுதினார். முழுதாக ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. நானும் முழுதாகத் தெளிந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

சைக்கிள் மிதிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை, கேட்பதுதான் கஷ்டம். மேல்கை, கீழ்கை பற்றிப் பள்ளிப் பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அடுத்தவர் வாசலில் நின்று, நெஞ்சு அடிக்க, சொல்லைத் தேடி, தாளை நீட்டிப் பழக்கமில்லை. முதல் வீட்டில் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. இரண்டாம் வீட்டுப் பெண் கதவை முக்கால்வாசி சாத்தியபடி கேட்டுவிட்டு, "அவர் வந்ததும் சொல்கிறேன்" என்றார். திரும்பி நடக்கும்போது, என் வாசலில் நான் இதே சொல்லை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

எதிர்பார்த்தவர்கள் பலர் நழுவினார்கள். எதிர்பாராதவர்கள் கொடுத்தார்கள். பாண் கடைச் சிங்களப் பையன் கிலோமீட்டருக்குப் பத்து ரூபா. மூன்று பிள்ளைகளுக்கும் ஓதிக்கொடுத்த ஆலிமா ஐம்பது. புடைவைக் கடைக்காரர் நூறு. ஆனால் "இருபத்தைந்தையும் முடித்தால்தான்" என்று விரலை உயர்த்தினார். முச்சக்கர வண்டிக்காரத் தம்பியிடம் நான் கேட்கவில்லை. அவரே வந்து, "மாமாவுக்காக என் பெயரையும் போடுங்க" என்றார். முப்பது பெயர் சேர்ந்தது.

முப்பத்தோராவது மாமி. பவனிக்கு முதல் நாள் இரவு, தஸ்பீஹை மடியில் வைத்துக்கொண்டு பட்டியலைக் கேட்டு வாங்கினார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "என்ட பேரு எங்க?" என்றார். கிலோமீட்டருக்கு இருபது ரூபா. அவர் கையாலேயே எழுதினார். மொத்தம் கிலோமீட்டருக்கு 1,950 ரூபா. இருபத்தைந்தால் பெருக்கினால் 48,750.

உடுப்பைப் பற்றிப் பல சகோதரிகள் கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அபாயாவோடு ஓட்ட முயன்று, பழகிய நாட்களிலேயே ஒன்றைச் சங்கிலிக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல அகலமான கால்சட்டை, கணுக்காலில் இலாஸ்டிக். அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே வரும் தளர்ந்த மேலாடை, இரு பக்கமும் வெட்டு. பின் சில்லுக்கு வலை போட்ட பெண்கள் சைக்கிள் என்றால் இன்னும் நல்லது. முக்காட்டுக்கு ஊசி குத்தக்கூடாது. தலைக்கவசம் அழுத்தும்போது அது தலைக்குள் இறங்கும். தைத்துப் போடும் முக்காடுதான் சரி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது, பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று பிறகு அதையே விரும்பினார்களாம். அவர்களில் நம் சகோதரிகளும் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் அதிகமான பெண்கள் அந்த நகரத்தில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். இதை வாசித்த பிறகு என் இருபத்தைந்து கிலோமீட்டர் எனக்கே சின்னதாகத் தெரிந்தது. நல்லது, பயமும் கொஞ்சம் சின்னதானது.

விடிந்தது. காலை ஆறரை. கெட்டம்பேயில் மகாவலியின் மேல் பனி. எண்பது பேரில் பெண்கள் பதினான்கு, அதில் முக்காடு போட்டவர்கள் மூன்று. பின்வீட்டுச் சகோதரி எனக்கு முன்னால். பிஸ்மி சொல்லி மிதித்தேன்.

பாலம் தாண்டி, பூந்தோட்டச் சந்தியில் கம்பளை வீதிக்குத் திரும்பி, கெலிஓயா வரைக்கும் வீதி எங்களோடு நட்பாக இருந்தது. நடந்தால் பார்க்க முடியாத அளவு வேகம், பஸ்ஸில் பார்க்க முடியாத அளவு மெதுவு. இருபது வருடமாகப் போய்வந்த வீதியில், சைக்கிளில் போன அன்றுதான் ஒரு வீட்டு மதிலில் பூத்திருந்த கொடியைக் கண்டேன், ஒரு பேக்கரியின் வாசனையை உணர்ந்தேன். கெலிஓயாவில் பள்ளி முன்னால் நின்ற ஒரு பெரியவர் எங்களை முறைத்துப் பார்ப்பது போலிருந்தது. அருகே வந்ததும் கையைத் தூக்கி ஸலாம் சொன்னார். நான் கையைத் தூக்கவில்லை, தூக்கினால் விழுந்துவிடுவேன். வாயால் பதில் சொன்னேன்.

தவுலகலை ஏற்றம் பத்தாவது கிலோமீட்டரைத் தாண்டி வந்தது. வீதி வளைந்து மேலே போய் மரங்களுக்குள் மறைகிறது. வளைவைத் தாண்டினால் இன்னொரு ஏற்றம். ஒரு கட்டத்தில் பெடல் கல்லாகிவிட்டது. சைக்கிள் முன்னால் போகாமல் பக்கத்தால் சாயத் தொடங்கியது. இறங்கினேன். முழங்கை வேலியில் உரசிச் சிராய்த்தது. எண்ணிப் பாருங்கள், புடைவைக் கடைக்காரரின் விரல் என் கண் முன்னால் வந்து நின்றது.

எனக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர், அறுபதைத் தாண்டியவர், அவரும் உருட்டிக்கொண்டு வந்தார். "பயவெண்ட எபா நங்கி" என்றார். பயப்படாதே தங்கச்சி என்று. இங்கிலாந்தில் இருக்கும் ராத்தாவின் மகன் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு 54 மைல், இருதய நோய் அறநிதிக்காக ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டுவார்கள். ஊர் நெருங்கும் இடத்தில் டிச்லிங் பீக்கன் என்று ஒரு குன்று. அங்கே பெரும் கூட்டம் இறங்கி உருட்டிக்கொண்டுதான் ஏறுமாம். அந்த ஆசிரியைக்கு என் அரைகுறைச் சிங்களத்தில் இதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் உருட்டிய தூரம், பிறகு கேட்டறிந்தேன், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

மேலே பின்வீட்டுச் சகோதரி காத்திருந்தார். ஏற்றம் பயம் என்றால், இறக்கம் அதைவிடப் பயம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற. காற்று காதில் இரைய, வாயில் திக்ரோடு ஹந்தெஸ்ஸைக்கு இறங்கினேன். அங்கே சில வீடுகளின் கேட்டில் எங்கள் சமூகப் பெண்கள் தண்ணீரும் பிளேன்டியும் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சின்னப் பெண்பிள்ளை, ஆறு வயதிருக்கும், என்னைச் சுட்டிக்காட்டித் தன் உம்மாவிடம் ஏதோ கேட்டாள். உம்மா என்ன பதில் சொன்னார் என்று கேட்க எனக்கு ஆசை. நின்றால் மீண்டும் ஏறி உட்காரும் தைரியம் இருக்காது என்று நிற்கவில்லை.

பிலிமத்தலாவையில் பிரதான வீதி. பஸ், லொறி, ஹோன் சத்தம். தொண்டர் பையன்கள் ஓரமாக எங்களைக் கொண்டுவந்தார்கள். கெட்டம்பேயில் இறங்கியபோது கால்கள் என்னுடையவை போலில்லை. கணவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகன் மட்டும், "உம்மா, முழங்கை" என்றான்.

அந்தக் கிழமை முழுவதும் பட்டியலோடு வீடு வீடாகப் போனேன். இந்த முறை கேட்பது அவ்வளவு கனக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் முதலில் சொன்னது: "இரண்டு கிலோமீட்டர் நான் உருட்டித்தான் போனேன். அதற்குக் கழித்துக்கொண்டு தாருங்கள்." வாக்கு வாங்கிய பணம் அமானத் அல்லவா? பாண் கடைப் பையன் கழிக்கவில்லை. ஆலிமா, "உருட்டுவதுதான் கஷ்டம், கூட்டித்தான் தர வேண்டும்" என்றார். புடைவைக் கடைக்காரர் என் முழங்கைக் கட்டைப் பார்த்தார், இரண்டாயிரத்து ஐந்நூறை எண்ணி வைத்தார். முப்பது பேரும் முழுதாகத் தந்தார்கள்.

கடைசியாக மாமியிடம் வந்தேன். உருட்டிய கதையை அவருக்கும் சொன்னேன். கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தார். மாமாவின் கிளினிக் கொப்பி இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. அதற்குக் கீழேயிருந்து பணத்தை எடுத்து ஐந்நூறு எண்ணினார். பிறகு இரண்டு இருபது ரூபாத் தாளைத் திரும்பவும் உள்ளே வைத்தார்.

"உருட்டினதுக்கு இல்ல" என்றார். "சொன்ன சொல் சொன்ன சொல். இது இங்கயே கிடக்கட்டும். அடுத்த முறை ஏறிக் காட்டு."

பணத்தை ஒப்படைத்த அன்று, கணக்குப் பார்த்த பையன் இரண்டு முறை எண்ணினான். 48,710. "எல்லாம் ஐம்பதும் நூறுமாக வந்திருக்க வேண்டுமே, இந்தப் பத்து எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான்.

"அது எங்கள் மாமியின் கணக்கு" என்றேன்.